டொக்டரிட்டக் கேளுங்கோ: பேர் வைச்சாச்சு, ஆனா ஆறேல்லை

போன இதழில வெத்திலை, புகையிலை, வாய்ப்புற்றுநோய் பற்றி எழுதினனான். இலங்கையில ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயில வாய்ப்புற்றுதான் முன்னுக்கு நிக்குது எண்டும், அது பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா எண்ட வகை எண்டும் சொன்னனான். அதுக்குப் பிறகு வந்த கடிதங்கள் வாயை விட்டிட்டு காலுக்கும் காதுக்கும் போட்டுது, "இது வேற இடத்திலயும் வருமோ டொக்டர்" எண்டு. வரும். ஸ்குவாமா எண்டா லத்தீனில செதிள், குளத்து மீனில கிடக்கிற அதே செதிள்தான். தோலின்ர மேல்படை, வாய், தொண்டை, உணவுக்குழாய், கருப்பை வாய் எல்லாம் செதிள் மாதிரித் தட்டையான செல்லால மூடினது, அதால அங்க வந்தா ஒருத்தரும் ஆச்சரியப்படமாட்டினம். ஆச்சரியப்படுற இடத்தில வாறதுதான் கரைச்சல், ஏனெண்டா அந்த இடத்துக்கு எண்டு ஏற்கனவே ஒரு வருத்தத்தின்ர பேர் இருக்கும், அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே மாசக்கணக்கில மருந்து கட்டுப்படும்.

கேள்வி: என்ர மனுசனுக்கு 1998ல மிதிவெடியில இடதுகால் முழங்காலுக்குக் கீழ போனது. பொய்க்கால் போட்டுக்கொண்டு வயல்வேலை எல்லாம் செய்யிறவர், லாண்ட்மாஸ்டரும் ஓடுவார். மொட்டைக்கால் முனையில முந்தியும் உரசிப் புண் வாறது, ரெண்டு கிழமை காலைக் கழட்டி வைச்சா ஆறிடும். இந்தமுறை எட்டு மாசம், ஆறேல்லை. பொய்க்காலை மாத்தியாச்சு, மருந்து கட்டியாச்சு, பரிகாரியார் எண்ணெயும் பூசியாச்சு. இப்ப நடுவில பூக்கோவா மாதிரி சதை எழும்பி நிக்குது, சீலை பட்டாலே ரத்தம், மணமும் வருது, மனுசன் வெக்கத்தில பிள்ளையளோட இருந்து சாப்பிடுறதில்லை. கிளினிக்கில துண்டு வெட்டிப் பாக்கவேணும் எண்டு சொல்லிச்சினம். மச்சாள் சொல்லுறா கத்தி வைச்சா பரவிடும் எண்டு. என்ன செய்ய? (வாசகி, விசுவமடு)

பதில்: தங்கச்சி, முதல்ல உங்கட மச்சாளுக்குச் சொல்லுறன். கத்தி வைச்சதால பரவினது எண்டு ஊரில சொல்லுற கதையில முக்கால்வாசி, ஏற்கனவே பரவினாப்பிறகு கத்தி வைச்ச கதை. ஆள் கடைசி நேரம்தான் வருவார், வெட்டிப் பாப்பினம், ரெண்டு மாசத்தில போயிடுவார், பழி கத்தியில விழும். தோலில இருந்து கடலை அளவு துண்டு எடுத்தா அது கிளம்பி ஓடாது. துண்டு எடுக்காம விட்டா அது தன்பாட்டில ஓடும். அவர் மறுத்தாலும் நீங்க கூட்டிக்கொண்டு போங்கோ.

இனி ஏன் இவ்வளவு அவசரப்படுத்திறன் எண்டதுக்கு வாறன். பழைய எரிகாயத் தழும்பு, கனகாலம் ஆறாம இருந்த புண், எலும்புக்குள்ள சீழ் பிடிச்சு வெளியில ஓட்டை வைச்சு வடியிற இடம், இதுகளில வருசக்கணக்குக்குப் பிறகு புற்றுநோய் வரும். இதுக்கு மர்ஜொலான் புண் எண்டு பேர். பிரான்ஸ் நாட்டுச் சத்திரசிகிச்சை டொக்டர் ஜான் நிக்கொலா மர்ஜொலான் 1828ல தழும்பில வளருற புண்களைப் பற்றி எழுதினவர், அவரே அதைப் புற்றுநோய் எண்டு சொல்லேல்லை, பேர் பிறகு வந்து ஒட்டினது. அதில பெரும்பங்கு ஸ்குவாமஸ் வகைதான், காலிலதான் கூட வாறது, காயம் பட்டதுக்கும் புற்றுநோய் வாறதுக்கும் இடையில சராசரியா 30 வருசம் எண்டு புத்தகம் சொல்லும், கெதியாவும் வரலாம்.

இப்ப வன்னியை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. 90களில ஷெல்லும் மிதிவெடியும் பட்டவைக்கு 25, 30 வருசமாகுது, 2009ல பட்டவைக்கு 15 தாண்டீட்டுது. எத்தினை வீட்டில பொய்க்கால், எத்தினை பேருக்கு எரிஞ்ச தழும்பு, ஷெல்துண்டு உள்ளுக்குக் கிடந்து வருசத்தில ரெண்டுதரம் சீழ் வாற தொடை, முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கைப்புண்ணோட இருக்கிற பிள்ளையள். இதுக்குமேல புடையன் கடிச்சுச் சதை அழுகி ஆறாமக் கிடக்கிற கால், தொழுநோயில உணர்வு செத்த உள்ளங்காலில வாற குழிப்புண், எல்லாம் இந்தக் கணக்குக்குள்ளதான் வரும். பயப்படுத்தேல்லை, உதுகளில அனேகம்பேருக்கு ஒண்டும் வராது. ஆனா வாற ஆளுக்குப் பிந்தித்தான் தெரியவருது, ஏனெண்டா புண் புதுசில்லை. "அது அவருக்கு எப்பவும் இருக்கிறது" எண்டு வீட்டுக்காரர் சொல்லுவினம், மிஸ்ஸியும் அப்பிடித்தான் நினைச்சு மருந்து கட்டி விடுவா.

எப்பிடிப் பிடிக்கிறது? புண்ணின்ர குணம் மாறும். மூண்டு மாசம் தாண்டியும் ஆறாது, ஓரம் தடிச்சு வெளிப்பக்கமாச் சுருண்டு தோசைக்கரை மாதிரி எழும்பும், நடுவில சதை மிதமிஞ்சிப் பொங்கும், தொட்டா ரத்தம், புதுசா நோ, முந்தி இல்லாத ஒரு நாத்தம். நீங்க எழுதினதில இதில அரைவாசிக்கு மேல கிடக்கு. உரசலால வந்த புண் எண்டா பொய்க்காலைக் கழட்டி வைச்சு ரெண்டு மூண்டு கிழமையில கொஞ்சமாவது சுருங்கவேணும். எட்டு மாசம் எண்டா அது உரசல் இல்லை.

துண்டு எடுக்கிறதிலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. நடுவில இருக்கிறது செத்த சதை, அதில இருந்து மட்டும் எடுத்தா ரிப்போட்டில "அழற்சி" எண்டு வரும், எல்லாரும் சந்தோசப்பட்டு வீட்ட போயிடுவினம். ஓரத்தில இருந்து, நல்ல தோலும் கெட்டதும் சேர்ந்து வாறமாதிரி, கொஞ்சம் ஆழமா, ரெண்டு மூண்டு இடத்தில எடுக்கவேணும். இன்னொரு வில்லங்கம், கனகாலப் புண்ணில மேல்தோல் ஆறப்பாக்கேக்க உள்ளுக்கு வேர் விட்டமாதிரி வளரும், அது மைக்ரோஸ்கோப்பில கான்சர் மாதிரியே கிடக்கும், உண்மையான கான்சர் சிலவேளை அந்தச் சாதாரண வளர்ச்சி மாதிரியே நடிக்கும். அதால மேலோட்டமான துண்டை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. நான் பயிற்சிக்காலத்தில பத்தோலொஜி லாப்பில, அதாவது வெட்டின துண்டைப் பாக்கிற இடத்தில, கொஞ்சநாள் இருந்தனான், முதல்தரம் கண்ணாடியில பாத்தது இப்பவும் நினைவிருக்கு. வெங்காயத்தைக் குறுக்க வெட்டினமாதிரி வட்டத்துக்குள்ள வட்டமா றோஸ் நிறத்தில, அதுக்குக் கெரட்டின் முத்து எண்டு பேர். தோலின்ர மேல்படையில இருக்கவேண்டிய கெரட்டின் எண்ட புரதம், சதைக்குள்ள ஆழத்தில போய் உருண்டு முத்துக் கட்டியிருக்கும். பாக்க வடிவு, இருக்கிற இடம்தான் பிழை.

முதல் ரிப்போட் ஒண்டும் இல்லை எண்டு வந்து புண் அப்பிடியே நிண்டா, திரும்ப எடுக்கச்சொல்லிக் கேளுங்கோ. அப்பிடிக் கேக்கிறது டொக்டரை அவமதிக்கிறது இல்லை. ரிப்போட் அதுதான் எண்டு வந்தா எலும்பு அரிச்சிருக்கோ எண்டு எக்ஸ்ரே, தேவைப்பட்டா எம்ஆர்ஐ, கவட்டுக்குள்ள நெறி (நிணநீர் முடிச்சு) கட்டியிருக்கோ எண்டு பாத்து கட்டியிருந்தா ஊசியால உறிஞ்சி எடுப்பினம். வெயில் பட்ட தோலில வாற சாதாரண ஸ்குவாமஸைவிட இது நெறிக்குப் போறது கூட, அதுதான் அவசரம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில சத்திரசிகிச்சை கிளினிக் இருக்கு, அங்க இருந்து தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ எழுதி விடுவினம், அரசாங்க ஆஸ்பத்திரியில காசு இல்லை. அதுவரைக்கும் பொய்க்கால் போடவேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பிள்ளையளைக் கூட்டிவந்து அவருக்குப் பக்கத்தில இருத்திச் சாப்பாடு குடுங்கோ.

கேள்வி: வலதுகைப் பெருவிரல் நகம் ரெண்டு வருசமா ஒருபக்கம் தூக்கிக்கொண்டு கிடக்கு, அடியில தடிச்சு வெள்ளையாச் செதில் மாதிரி, இடைக்கிட ஊனம் வடியும். நகச்சுத்து எண்டு எலுமிச்சங்காய் செருகினன், பிறகு பூஞ்சணம் எண்டு ஆறு மாசம் கிறீம் பூசினன், குளிசையும் போட்டன். கமம் செய்யிறதால சேத்துக்குள்ள கை வைக்கவேண்டித்தான் வரும். (கமக்காரன், துணுக்காய்)

பதில்: அண்ணை, சேத்துக்கால வாறது எண்டா ஒரு நகத்தோட நிக்காது, நாலஞ்சு விரலுக்குப் பரவும், மருந்துக்குக் கொஞ்சமாவது கேக்கும். ஒரே ஒரு விரல், அதுவும் பெருவிரல், ரெண்டு வருசம், பூஞ்சண மருந்துக்குக் கேக்கேல்லை எண்டா நகத்துக்கு அடியில ஸ்குவாமஸ் இருக்கோ எண்டு பாக்கவேணும். இது மெதுவா வளர்றது, நோகிறதும் பெரிசாய் இல்லை, அதாலதான் ஆக்கள் வருசக்கணக்கில நகச்சுத்து, மரு, பூஞ்சணம் எண்டு பேர் மாத்தி மாத்தி வைச்சுக்கொண்டு இருப்பினம். மருவை உண்டாக்கிற அதே பப்பிலோமா வைரஸ் குடும்பத்தில சில வகைக்கு இதில பங்கிருக்கு.

என்ன செய்வினம் எண்டா, விரலை விறைக்கப்பண்ணி நகத்தின்ர அந்தப்பக்கத்தைக் கழட்டி, அடித்தோலில இருந்து துண்டு எடுப்பினம். நகத்தைச் சுரண்டி அனுப்பினா பூஞ்சணம் இருக்கோ இல்லையோ எண்டுதான் தெரியும். ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம், அதால சுரண்டலில பூஞ்சணம் வந்திட்டுது எண்டு அதோட நிப்பாட்டக்கூடாது. விரலுக்கு ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கோ, நகத்துக்கும் எலும்புக்கும் இடையில இருக்கிறது கொஞ்சச் சதைதான். நேரத்துக்குப் பிடிபட்டா விரலைக் காப்பாத்தலாம். நகத்தில கறுப்புக்கோடு விழுந்து அகலமாகுது எண்டு இன்னொருத்தர் எழுதியிருக்கிறார், அது வேற விசயம், மெலனோமா எண்ட வேற வகைத் தோல்புற்று எண்டு சந்தேகப்படவேணும், அவரும் இந்தக் கிழமையே காட்டவேணும்.

எலுமிச்சங்காயை ரசத்துக்கு வைச்சிருங்கோ.

கேள்வி: நந்திக்கடலில தொழில் செய்யிறனான். ரெண்டு கண்ணிலயும் மூக்குப்பக்கம் சதை வளர்ந்திருக்கு, அப்பாவுக்கும் இருந்தது. இடதுகண்ணில மட்டும் மூண்டு மாசத்தில கெதியாப் பெருத்திட்டுது, சிவந்து கிடக்கு. வெட்டினா திரும்ப வருமாம், விடவோ? (தம்பி, முல்லைத்தீவு)

பதில்: வெயிலும் உப்புக்காத்தும் தண்ணியில பட்டுத் திரும்பிற வெளிச்சமும் சேர்ந்தா கண்ணில சதை வளர்றது கடல்காரருக்கும் கமக்காரருக்கும் புதினமில்லை. அது முக்கோணமா, மூக்குப்பக்கத்தில இருந்து கறுப்புமுழிக்கு மேல மெதுவா ஏறும், வருசக்கணக்கில.

மூண்டு மாசத்தில பெருத்தது எண்டதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. வெள்ளையும் கறுப்பும் சந்திக்கிற அந்த வளையத்தில ஸ்குவாமஸ் வரும். நுங்குமாதிரிப் பளபளப்பா, இல்லாட்டி மேல வெள்ளைத்தட்டு விழுந்தமாதிரி எழும்பி நிக்கும், தடிச்ச ரத்தக்குழாய்கள் அதுக்குச் சாப்பாடு கொண்டுபோறமாதிரி வந்து சேரும். கண் கிளினிக்கில சாயத்துளி விட்டு விளக்குக்கருவியால பாத்தா ஓரளவு வித்தியாசம் தெரியும், முடிவு துண்டிலதான். வெட்டுறதும் சாதாரண சதை மாதிரி இல்லை, சுத்திவர நல்லதும் சேர்த்து எடுத்து ஓரத்தைக் குளிரால உறைய வைப்பினம். சும்மா சதை எண்டு நினைச்சு வெட்டினாலும் எடுத்ததை லாப்புக்கு அனுப்பச்சொல்லிக் கேளுங்கோ, வாளிக்குள்ள போட விடாதேங்கோ. திரும்பத் திரும்ப வளருற "சதை"யில சிலது முதல் வெட்டுக்குப் பிறகு ஒருத்தரும் லாப்பில பாக்காதது.

தொப்பியும் கறுப்புக்கண்ணாடியும் போடுங்கோ. கூட்டாளிமார் சிரிப்பினம், சிரிக்கட்டும்.

கேள்வி: அம்மாக்கு 61 வயசு. சின்னனில இருந்து வலதுகாதில சீழ் வடியிறது. இப்ப ரெண்டு மாசமா ரத்தமும் கலந்து வருது, ராவில நோவில நித்திரை இல்லை, போன கிழமை தொடக்கம் வாய் ஒருபக்கம் கோணுது. பாரிசவாதம் எண்டு எண்ணெய் போடச் சொல்லுகினம். சீனியும் இருக்கு. (மகள், நெடுங்கேணி)

பதில்: இந்த இதழ் கைக்கு வாறவரைக்கும் நீங்க காத்துக்கொண்டிருக்கக்கூடாது எண்டு உங்கட நம்பருக்கு எடுத்துச் சொல்லீட்டன், மற்ற வாசகருக்காக இதில போடுறன். முகத்தை ஆட்டுற நரம்பு காதுக்குப் பின்னால எலும்புக்குள்ளாலதான் வருது. வடியிற காதில ரத்தம், காதின்ர வருத்தத்துக்குப் பொருந்தாத பெரிய நோ, அந்தப்பக்க முகம் கோணுறது, இந்த மூண்டும் சேர்ந்தா பாரிசவாதம் எண்டு எண்ணெய் போடுற விசயமில்லை. சீனி வருத்தக்காரருக்கு காதுத்துளையில கிருமி போய் எலும்பை அரிக்கிற ஒரு பொல்லாத தொற்று இருக்கு, அதுவும் அச்சொட்டா இப்பிடித்தான் இருக்கும். நடுக்காதில, காதுத்துளையில வாற ஸ்குவாமஸும் இப்பிடித்தான். பாத்த உடன எந்தப் பெரிய டொக்டராலயும் பிரிச்சுச் சொல்லேலாது, உள்ளுக்கு வளர்ந்திருக்கிற சதையில துண்டு எடுக்கவேணும், எலும்புக்கு சிடி ஸ்கான் எடுக்கவேணும். காது மூக்கு தொண்டை டொக்டர், இண்டைக்கே.

மூக்கிலயும் இதே கதை உண்டு. பீனிசம் எண்டு கனபேர் வருசக்கணக்கில ஆவி பிடிப்பினம். ரெண்டு பக்கமும் மாறிமாறி அடைச்சா பரவாயில்லை. ஒரேபக்கம் மட்டும் அடைச்சு ரத்தநீர் வந்து, அந்தப்பக்கக் கன்னம் விறைச்சு, மேல்பல்லு தன்பாட்டில ஆடினா, பல்லைப் புடுங்கமுதல் ஸ்கான் எடுங்கோ.

கேள்வி: ஏஎல் உயிரியல் படிக்கிறன். சிறுநீர்ப்பையில செதிள் மேலணி (உள்பக்கத்தை மூடுற செதிள் செல்படை) இல்லை எண்டு படிச்சம், ஆனா அங்கயும் ஸ்குவாமஸ் வரும் எண்டு சேர் சொன்னார். இல்லாத செல்லில எப்பிடிப் புற்றுநோய்? (மாணவி, வவுனியா)

பதில்: நல்ல கேள்வி, இதை எனக்குப் பரீட்சையில கேட்டு நான் முழுசினனான். மண்வெட்டி பிடிக்கிற கை காய்ச்சுப்போறமாதிரி ஒரு விசயம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. மென்மையான மேலணி கனகாலம் உரஞ்சுப்பட்டா, புண்பட்டா, தன்னைப் பாதுகாக்க வன்மையான செதிள் வகையா மாறும், இதை மெற்றாபிளேசியா எண்டு சொல்லுவினம். சிகரெட் புகையால சுவாசக்குழாயில நடக்கிறது இதுதான், நுரையீரலில ஸ்குவாமஸ் வாறதும் அந்த வழியாலதான். எகிப்தில நைல் தண்ணியில இருக்கிற ஒரு புழு சிறுநீர்ப்பைச் சுவரில முட்டை வைச்சு இதே வேலையைச் செய்யும். கல்லு கனகாலம் கிடந்தா சிறுநீரகத்துக்குள்ளயும் வரலாம்.

எங்களுக்குக் கிட்டின காரணம் கதீட்டர், சிறுநீர் போறதுக்குப் போடுற குழாய். முள்ளந்தண்டு பாதிச்சு பத்து வருசத்துக்கு மேலாக் குழாய் போட்டிருக்கிற ஆக்கள் வன்னியில இருக்கினம். சிறுநீரில ரத்தம் வந்தா ஒவ்வொருமுறையும் "இன்பெக்ஷன்" எண்டு குளிசை போடாம, ஒருக்கா கமரா விட்டுப் பாக்கச்சொல்லிக் கேக்கவேணும்.

தைரொயிட், மார்பு மாதிரி இடத்தில ஸ்குவாமஸ் எண்டு ரிப்போட் வந்தா லாப்காரரின்ர முதல் கேள்வி, இது இங்க பிறந்ததோ, வேற இடத்தில பிறந்து வந்து குடியேறினதோ எண்டதுதான். அங்கயே பிறக்கிறது அவ்வளவு அருமை. அதால தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாம் தேடிப்பாத்து ஒண்டும் இல்லாட்டித்தான் பிறந்த இடம் எண்டு எழுதுவினம். செல் உருக்குலைஞ்சு செதிள் எண்டே தெரியாமக் கிடந்தா பி40, பி63 எண்ட சாயங்கள் போட்டுப் பாப்பினம், அது செல்லின்ர சாதியைச் சொல்லும், ஊரைச் சொல்லாது.

கேள்வி: சாரம் கட்டுற இடத்தில இடுப்பைச் சுத்திக் கறுத்து கடிக்குது. இதுவும் அதுவோ? (பெரியவர், பூநகரி)

பதில்: ஐயா, அனேகமா தேமல், இல்லாட்டி வேர்வையில உரசினது. ஆனா கேட்டது பிழையில்லை. 1945ல பம்பாயில கானோல்கர், சூர்யாபாய் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் வேட்டியை இறுக்கிக் கட்டுற இடத்தில வாற புற்றுநோயைப் பற்றி எழுதி, அதுக்கு வேட்டிப் புற்றுநோய் எண்டே பேர் வந்தது, சீலைக்கும் அப்பிடி ஒண்டு இருக்கு. காஷ்மீரில குளிருக்கு நெருப்புச்சட்டியை உடுப்புக்குள்ள வைச்சு வயித்திலயும் தொடையிலயும் வரும். லண்டனில புகைபோக்கி துப்புரவாக்கின பெடியளுக்கு விதைப்பையில வந்ததை சத்திரசிகிச்சை டொக்டர் பேர்சிவல் பொட் 1775லயே சொல்லீட்டார். எல்லாம் இதே ஸ்குவாமஸ்தான். சாரத்தைக் கொஞ்சம் இளக்கிக் கட்டுங்கோ, கிறீம் ஒண்டு வாங்கிப் பூசுங்கோ, அந்த இடத்தில புண் விழுந்து ஆறாம நிண்டா மட்டும் வாங்கோ.

கேள்வி: கழுத்தில கட்டி, ஊசி குத்திப் பாத்ததில ஸ்குவாமஸ் எண்டு வந்திட்டுது. வாய், தொண்டை எல்லாம் பாத்து ஒண்டும் இல்லை எண்டினம். கட்டியை எடுத்துவிட்டா முடிஞ்சுதுதானே? (வாசகர், மாங்குளம்)

பதில்: முடியாது. கட்டி நெறியில இருக்கு, பிறந்த இடம் வேற. ரொன்சில், நாக்கின்ர அடி, மூக்குக்குப் பின்பக்கம், இந்த மூண்டிலயும் கடுகளவில ஒளிஞ்சிருக்கும், மயக்கி வைச்சு கமரா விட்டுத் தேடவேணும். ஊசித்துண்டில பி16 எண்ட சாயம் போட்டுப் பாத்தாலும் எந்தப்பக்கம் தேடுறது எண்டு ஒரு துப்புக் கிடைக்கும். தேடி முடிக்கமுதல் கட்டியை வெட்டச்சொல்லி டொக்டரை ஆக்கினைப்படுத்தாதேங்கோ.

கேள்வி: அப்பான்ர சதைத்துண்டை போத்தலில தந்து யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லியிருக்கினம். பஸ்ஸில போறதால பழுதாகுமோ? அண்ணா ஐஸ்வாடியில ஒரு பெட்டி வாங்குவம் எண்டுறார். (மகன், முள்ளியவளை)

பதில்: ஐஸ் வேண்டாம் தம்பி, அது மீனில்லை. போத்தலுக்குள்ள இருக்கிறது போமலின், அதுக்குள்ள துண்டு பழுதாகாது, ஐஸில உறைஞ்சாத்தான் செல் வெடிச்சுப் பழுதாகும். போமலின் ஊத்துண்டு குறைஞ்சிட்டுது எண்டு தண்ணி விட்டு நிரப்பவும் வேண்டாம். நான் லாப்பில இருக்கேக்க ஒருத்தர் பாவம், நல்லெண்ணத்தில பைப்தண்ணி விட்டுக் கொண்டுவந்தார், செல்லெல்லாம் ஊதிக் கரைஞ்சு, அந்தாளுக்குத் திரும்பவும் வெட்டவேண்டி வந்தது. மூடியை இறுக்கி, ரெண்டு சொப்பிங்பாக் போட்டு, நிமிர்த்தி வைச்சிருங்கோ. போத்தலில இருக்கிற பேரும் டொக்டர் எழுதித் தந்த கடுதாசியில இருக்கிற பேரும் ஒண்டோ எண்டு ஏறமுதல் பாருங்கோ. எந்த இடத்தில எடுத்தது, எவ்வளவு காலப் புண், முந்தி அதில எரிகாயமோ வெடிக்காயமோ இருந்ததோ எண்டு டொக்டர் எழுதியிருக்கிறாரோ எண்டும் பாருங்கோ, எழுதாட்டி எழுதுவிச்சுக்கொண்டு போங்கோ, கண்ணாடியில பாக்கிறவருக்கு ஆளைத் தெரியாது, அந்த ரெண்டு வரிதான் தெரியும். ரிப்போட் எப்ப வரும் எண்டு கேட்டு ஒரு நம்பரும் வாங்கிக்கொண்டு வாங்கோ.